அந்தக் கொப்பியில் மனிசர் இல்லை

“இதுக்குள்ள மனிசர் ஒருத்தரையும் காணேல்லையே, தம்பி.”

சபையின் வாலிபர் பயிற்சியில் எங்களுக்குப் படிப்பித்த அக்கா இதைச் சொன்னபோது கரண்ட் இல்லை. 2022 ஏப்ரல் முதல் வாரம். ஒரு நாளைக்குப் பத்து, பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்கள் அவை. திருகோணமலை டச் பே கடற்கரைப் பக்கமிருந்து வரும் காற்று மண்டபத்து ஜன்னலால் புகுந்து மெழுகுதிரியை அணைக்கும், நாங்கள் கொளுத்துவோம், மறுபடி அணைக்கும். அந்த வெளிச்சத்தில்தான் என் நன்றிக் கொப்பியின் இரண்டு மாதப் பக்கங்களை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதியவன் பதினாறு பேரில் நான் மட்டும்தான்.

கொப்பியில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். கடல். விடியற்காலைக் கடல். மழைக்குப் பிந்திய கடல். இஞ்சி போட்ட பிளேன்டீ. கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று வாசலில் நின்று என்னைப் பார்த்தது. பெருமழையிலும் ஒழுகாத கூரை. காய்ச்சல் விட்டது. மறுபடி கடல். திருகோணமலைக்காரனுக்குக் கடல் ஒன்று போதும், வருடம் முழுக்க எழுதலாம். இரவில் மூன்று வரி என்றால் மூன்று வரி, கணக்குப் பிசகாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘கர்த்தருக்கு ஸ்தோத்திரம்’ என்று வடிவான எழுத்தில் முடித்திருந்தேன்.

அக்கா வேறொன்றும் சொல்லவில்லை. கொப்பியை மூடிக் கையில் தந்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கடலுக்கு நன்றி சொல்வதில் என்ன பிழை?

அது எங்கள் திருச்சபை நடத்திய வாலிபர் பயிற்சி. பெப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். பதினெட்டிலிருந்து இருபத்தெட்டு வயதுக்காரர். சனிக்கிழமை பின்னேரங்களில் கூடுவோம், மாதத்தில் ஒரு வாரம் வெள்ளி இரவே வந்து ஞாயிறு ஆராதனை முடியும்வரை தங்குவோம். காலையில் முக்கால் மணி நேரம் அமைதி வேளை, வேதப் படிப்பு, ஏதாவது ஒரு ஊழியம், இரவில் கொப்பி. நான் சேர்ந்ததற்கு ஆவிக்குரிய காரணம் ஒன்றும் இல்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு உல்லாசப் பயணிகள் வரவில்லை, அதன்பின் கொரோனா, அதன்பின் டாலர் இல்லை. உப்புவெளியில் நான் வேலை செய்த விடுதி பூட்டிக் கிடந்தது. வீட்டில் சும்மா இருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். பயிற்சியில் இரவுச் சாப்பாடும் உண்டு. இவ்வளவுதான்.

சாட்சி நேரம் என்று ஒன்று இருந்தது. எழுந்து நின்று அந்த வாரம் கடவுள் செய்த நன்மையைச் சொல்லவேண்டும். சபைகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சாட்சிக்கு ஒரு சந்தை விலை இருக்கிறது. விபத்தில் தப்பியவனுக்குப் பெரிய ஆமென். தீராத வருத்தம் தீர்ந்தவளுக்கு அதைவிடப் பெரியது. சோதனையில் சாதாரணமாகப் பாஸ் பண்ணியவளுக்குச் சின்ன ஆமென், அதுவும் முன்வரிசையில் மட்டும். நாங்களும் அந்த விலை தெரிந்தே பேசினோம். பெற்றோல் வரிசையில் ஆறு மணி நேரம் நின்றது ஒன்பது மணி நேரம் ஆகும். நான் பொய் சொன்னதில்லை, ஆனால் கொஞ்சம் நிறுத்தி, குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொல்லப் பழகியிருந்தேன். அந்த நாட்களில் என்னை யாராவது பார்த்திருந்தால் ‘பெடியன் நல்லா வளர்ந்திட்டான்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

(மே மாதம் பிரதமர் பதவியை விட்ட மஹிந்த ராஜபக்ச எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்கு வந்து இறங்கியதும், சனம் வாசலில் கூடிக் கத்தியதும் உலகத்துக்கே தெரியும். அந்தச் சனிக்கிழமை ‘அவருக்காகவும் ஜெபிக்கவேண்டுமா’ என்று மண்டபத்தில் எழுந்த சண்டை யாருக்கும் தெரியாது. ஜெபித்தோம். மிகவும் சுருக்கமாக.)

இந்தச் சந்தையை உடைத்தவன் மீன்பிடிக் குடும்பத்துத் தம்பி ஒருவன். ஓகஸ்ட் கடைசி. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆகியிருந்தது. கரையோரப் படகுகளின் எஞ்சின்கள் ஓடுவது மண்ணெண்ணெயில்தான்; அவன் வீட்டுப் படகு கரையிலேயே கவிழ்ந்து கிடந்தது. யாரோ எழுந்து, “இல்லாமையிலும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், எல்லாம் நன்மைக்குத்தான்” என்று முடித்தார்கள். இவன் இருந்த இடத்திலிருந்தே கேட்டான்: “மண்ணெண்ணெய் இல்லாததுக்கும் தோத்திரமோ?”

மண்டபம் அமைதியானது. ஒருத்தி வேதத்தை எடுத்து முதலாம் தெசலோனிக்கேயர் 5:18ஐக் காட்டினாள். ‘எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்’ என்றுதான் இருக்கிறது, எல்லாவற்றிற்காகவும் என்று இல்லையே என்றாள். அதாவது கஷ்டத்துக்குள் இருந்துகொண்டு நன்றி சொல், கஷ்டத்துக்கே நன்றி சொல்லத் தேவையில்லை. நல்ல விளக்கம்தான். ஆனால் இன்னொருவன் எபேசியர் 5:20ஐத் திறந்தான். அங்கே ‘எல்லாவற்றிற்காகவும்’ என்றே இருக்கிறது. எல்லோரும் போதகரைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரெண்டும் இருக்கு. இண்டைக்கு ரெண்டும் வாயில வராட்டி சங்கீதம் எண்பத்தெட்டும் இருக்கு. அதில ஒரு நன்றிகூட இல்லை. அதையும் ஜெபம் எண்டுதான் உள்ளுக்கு வச்சிருக்கினம்.”

அன்றிரவு மண்டபத்துப் படியில் இருந்து அந்தத் தம்பி சங்கீதம் 88ஐக் கைபேசி வெளிச்சத்தில் வாசித்ததைப் பார்த்தேன். அடுத்த வாரம் அவனே வேதத்திலுள்ள ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தோடு வந்தான். ‘அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்’ என்று தொடங்கும் வசனத்தைச் சபைகளில் பாட்டுப்போலச் சொல்வோம். அவன் அதில் உள்ள இல்லாமைகளை விரல்விட்டு எண்ணிக்காட்டினான். அத்தி இல்லை, திராட்சை இல்லை, ஒலிவம் இல்லை, வயலில் தானியம் இல்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. ஆறு. “முதல்ல கணக்கை ஒளிக்காமச் சொல்லிப்போட்டுத்தான் அந்த மனிசன் மகிழுவேன் எண்டு சொல்லுறார். நாங்கள் கணக்கைச் சொல்லாமலே மகிழப் பாக்கிறம்.” அதற்கு ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அந்த வருடம் பேசப்பட்ட நல்ல சாட்சி அதுதான்.

கணக்கைச் சொல்வது என்றால் நானும் என்னுடையதைச் சொல்லவேண்டும்.

2004 டிசம்பர் 26 அலை அப்பாவின் வள்ளத்தையும் எஞ்சினையும் கொண்டுபோனது. நிவாரணத்தில் வள்ளத்துக்குப் பதில் வள்ளம் கிடைத்தது. அதற்கு முன்பே வாங்கியிருந்த கடனும் வட்டியும் அப்படியே இருந்தன. பிறகு சண்டை திரும்பியது, கடலில் கட்டுப்பாடு வந்தது, இரவில் தொழிலுக்குப் போகமுடியாது. 2006இல் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். எனக்கு ஏழு வயது. அம்மம்மாவிடம் வளர்ந்தேன். அம்மா நடுவில் இரண்டு தடவை லீவில் வந்தார், பெட்டியில் சொக்லேட்டும் பெரிய சைஸ் சேட்டுகளும் கொண்டுவந்தார், போனார். 2013இல் அப்பா மாரடைப்பில் செத்துப்போனார். செத்த வீட்டுக்கு அம்மா வரவில்லை. கடைசியாக 2015இல் வந்தபோது எனக்குப் பதினாறு.

அந்த வரவில்லை என்பதைத்தான் நான் வருடக்கணக்காக வைத்திருந்தேன். பதினேழு வயதில் ஒருமுறை அம்மாவிடம், “உங்களை ஆர் போகச் சொன்னது?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சொதியை இறக்கிவைத்தார். அந்தச் சொதியும் எனக்குப் பிடிக்காது. அம்மம்மாவின் சொதிதான் சொதி. அம்மாவின் கையில் உப்புக் கூட. சின்ன விஷயம்தான், ஆனால் ஏழு வருடம் ஒவ்வொரு நாளும் அதை வைத்தே அவரைத் தண்டித்தேன்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு இரவில் இருந்து கடலுக்கு நன்றி எழுதியிருக்கிறேன். கடல் லேசு. அது கடன் கேட்டு வீட்டுக்கு வராது. மானும் அப்படித்தான்.

அக்கா பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிப்பவர். செப்டம்பரில் ஒரு வகுப்பை அவர் வேதத்தில் தொடங்காமல் திருக்குறளில் தொடங்கினார். பதினோராம் அதிகாரத்தின் பெயர் என்ன என்று கேட்டார். செய்ந்நன்றியறிதல். அதில் நன்றி என்றால் என்ன? நாங்கள் ‘தாங்ஸ்’ என்றோம். இல்லை என்றார். வள்ளுவரிடத்தில் நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. நாம் திருப்பிச் சொல்லும் சொல் அல்ல. ‘தினைத்துணை நன்றி செயினும்’ என்கிறாரே, செய்கிற ஒன்றல்லவா அது? அந்தப் பத்துக் குறளிலும் நன்றி ‘சொல்’ என்று ஒரு இடத்திலும் இல்லை. மறவாதே என்று இருக்கிறது, உள்ளு என்று இருக்கிறது. அதிகாரத்தின் பெயரிலேயே இருப்பது ‘அறிதல்’.

“ஸ்தோத்திரம் எண்டுறது புகழ்ச்சி,” என்றார். “அதை ஒண்டும் அறியாமலும் பாடலாம். நன்றியை அறியாமச் செய்ய ஏலாது. கொலோசெயர் மூண்டு பதினைஞ்சை எடுங்கோ.” எடுத்தோம். ‘நன்றியறிதலுள்ளவர்களாயுமிருங்கள்.’ எத்தனை தரம் வாசித்த வசனம். அந்த ‘அறிதல்’ அதற்குள் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

அடுத்த நாள் அமைதி வேளையில் அந்தச் சொல்லைத் தேடிப்போய் இரண்டாம் தீமோத்தேயுவில் மாட்டிக்கொண்டேன். கடைசி நாட்களின் மனிதர்களைப் பற்றிய நீளமான பட்டியல் அது. அதில் ‘தாய்தகப்பன்மாருக்குக் கீழ்ப்படியாதவர்களாயும்’ என்பதற்கு அடுத்த சொல் ‘நன்றியறியாதவர்களாயும்’. ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கடற்கரை மணலில் இருந்தேன். முன்னால் கடல் வழக்கம்போல அழகாகத்தான் இருந்தது. எழுதத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை எங்களை ஒரு கரைவலை வாடிக்கு, அதாவது கரையில் நின்றே வலையை இழுக்கும் மீனவரின் குடிலுக்கு, கூட்டிப்போனார்கள். அங்கே வழக்கமாக டிராக்டரைக் கட்டி இழுப்பார்களாம். டீசல் கிடைக்காததால் கையால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் கயிறு தந்தார்கள். ஒரு மணி நேரம் இழுத்தாலும் கடலில் ஒரு மாற்றமும் தெரியாது. கயிறு மட்டும் கரையில் சுருள் சுருளாக ஏறும். எனக்கு முன்னால் ஒரு கிழவர், முதுகெலும்பு எண்ணலாம் போல மெலிந்தவர், கயிற்றில் தோளைக் கொடுத்துப் பின்பக்கமாக நடந்துகொண்டே வருவார். என் உள்ளங்கை பொக்களித்ததைப் பார்த்து, “தம்பி, கையால இழுக்காத, காலால இழு” என்றார். வலையின் மடி கரைக்கு வந்தபோது உள்ளே இருந்தது கொஞ்சம் சூடை மீன், கொஞ்சம் கீரி மீன், நிறையச் சொறி என்கிற ஜெல்லிமீன். பங்கு பிரித்ததில் எங்களுக்கும் ஒரு பை தந்தார்கள். வேண்டாம் என்றதற்கு அந்தக் கிழவர் கோபித்தார்.

அன்றிரவு கொப்பியில் முதல் தடவையாக ஒரு மனிதரை எழுதினேன். ‘எனக்கு முன்னால் இழுத்தவர்.’ பெயர் கேட்காமல் வந்துவிட்டேன் என்பது எழுதும்போதுதான் உறைத்தது.

அதன்பின் வந்தது லூக்கா 17, பத்துக் குஷ்டரோகிகளின் கதை. பத்துப் பேர் சுகமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரையும் வழக்கமாகத் திட்டுவோம். போதகர் திட்டவில்லை. ‘நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்’ என்று சொல்லித்தானே இயேசு அனுப்பினார், அவர்கள் சொன்னதைத்தான் செய்தார்கள் என்றார். ஒழுங்கான ஆட்கள். தவணை தவறாமல் கொப்பி எழுதுகிறவர்கள். (இந்தக் கடைசி வரி அவர் சொன்னதல்ல, எனக்குக் கேட்டது.) பிறகு வேலை தந்தார். அந்த மாதத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு மனிதரிடம் திரும்பிப் போகவேண்டும். நன்றி சொல்லப் போகக்கூடாது. கேட்கப் போகவேண்டும்: எனக்காக நீங்கள் செய்ததில் உங்களுக்கு என்ன போனது?

போதகர் சொன்னதைக் கேட்காமல் நான் நன்றியில்தான் தொடங்கினேன். அம்மா குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். “அம்மா, எல்லாத்துக்கும் நன்றி” என்றேன். துருவலை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னடா, காய்ச்சலோ?”

நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. மேடையிலும் கடிதத்தின் முடிவிலும்தான் அது இருக்கும். சரி என்று கேள்வியைக் கேட்டேன். அவர் முதலில் ‘ஒண்டும் போகேல்ல’ என்றார். அடுத்த நாள் பின்னேரம் அவராகவே தொடங்கினார். காஸ் விலையால் விறகுக்கு மாறியிருந்தோம். கொல்லையில் மூன்று கல் அடுப்பு. மூன்று பின்னேரம் அந்த அடுப்பு முன்னால் இருந்து, புகை கண்ணைக் கரிக்கக் கேட்டேன்.

முதல் இரண்டு வருடம் அந்த வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. பாஸ்போர்ட் வீட்டுக்காரர் கையில். மாதம் ஒருதரம் போன், அதுவும் அருகில் ஆள் நிற்க. அங்கே வெள்ளிக்கிழமைதான் ஓய்வுநாள், இவருக்கு அதுவும் இல்லை. வெள்ளிகளில் பாத்திரம் கழுவும்போது குழாயைக் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் பாடுவாராம். அதுதான் ஆராதனை. கடைசி வருடங்களில் வீட்டுக்காரி மனம் இளகி விட, குவைத் நகரத்தில் தமிழ் ஆராதனைக்குச் சில வெள்ளிகள் போயிருக்கிறார். முதல்நாள் முழுக்கப் பாட முடியவில்லை, சத்தமாகப் பாடி மறந்துபோனது என்றார்.

மூன்றாம் நாள் அப்பாவின் செத்த வீடு வந்தது. நான் கேட்கவில்லை. செய்தி கிடைத்த இரண்டாம் நாள் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டைத் தந்திருக்கிறார். ஆனால் டிக்கெட் காசு சொந்தச் செலவு. அதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. கையில் சேர்த்து வைத்திருந்தது ஒரு தொகைதான். அதைக் கொண்டு வந்து மண்ணைப் பார்க்கலாம், அல்லது வட்டிக்காரரிடம் கிடந்த எங்கள் வீட்டு உறுதிப் பத்திரத்தை மீட்கலாம். அப்பா போனபின் அந்த ஆள் வீட்டை எடுக்கப் பார்ப்பான் என்று அம்மாவுக்குத் தெரியும். காசை அனுப்பினார். மிச்சத்தில் கூரை மாற்றச் சொன்னார்.

கொப்பியில் ‘பெருமழையிலும் ஒழுகாத கூரை’ என்று நான் எழுதியிருந்தது மார்ச் மாதம். அடியில் ஸ்தோத்திரம், வடிவான எழுத்தில். கர்த்தருக்கு நன்றி என்று சொல்லிச் சொல்லியே அம்மாவைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவருக்கு மேலால் ஏறி மேலே பார்த்து நன்றி சொல்லியிருக்கிறேன். கடவுள் கூரையை ஆகாயத்திலிருந்து இறக்கவில்லை. குவைத்தில் ஒரு குசினியிலிருந்து அனுப்பினார்.

வெளிநாட்டுக்குப் போனவர்கள் அனுப்பிய காசு 2020இல் 700 கோடி டாலருக்கு மேல் நாட்டுக்கு வந்தது. 2022இல் அது 380 கோடி டாலர் அளவுக்கு விழுந்துபோனது. அது குறைந்தபோதுதான் அம்மாவைப் போன்றவர்கள் அனுப்பியது என்னவென்று நாடு எண்ணிப் பார்த்தது. நான் வீட்டில் செய்ததை நாடு பெரிய அளவில் செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆறுதலாக இல்லை.

ஆவிக்குரிய வளர்ச்சி என்று பயிற்சியில் அடிக்கடி சொல்வார்கள். எனக்கு நடந்ததை அப்படிச் சொல்லலாமா தெரியவில்லை. ஜெபம் மெதுவாகிப்போனது, அது உண்மை. ‘அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே’ என்ற சங்கீத வரியைச் சொல்லத் தொடங்கினால் இப்போது முதலாவது உபகாரத்திலேயே நின்றுவிடுகிறேன், அது யார் கையால் வந்தது என்று தேட நேரம் எடுக்கிறது. கொப்பியில் மூன்று வரி சில நாள் ஒரு வரியாகியது, சில நாள் எழுதவே இல்லை. ஒழுங்கான மாணவன் என்ற பெயர் போய்விட்டது. அம்மாவோடு கோபம் முழுதாகப் போனது என்றும் சொல்லமாட்டேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டு உறுதி விளங்காது; அந்தப் பிள்ளை இன்னும் உள்ளே இருக்கிறான், சில இரவுகளில் வாசலைப் பார்த்துக்கொண்டு. அவனையும் பொய் சொல்லவைக்க நான் விரும்பவில்லை.

நவம்பரில் நிறைவுநாள். பெற்றோர், சபையார் என்று மண்டபம் நிறைந்த கூட்டம். எல்லோரும் சாட்சி சொல்லவேண்டும். என்னிடம் இருந்த கதைக்கு என்ன ஆமென் விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்குள் பாடியது ஒன்றே போதும், முன்வரிசை அழும். முதல்நாள் இரவு அம்மாவிடம் கேட்டேன்.

“என்ர கதையை மைக்கில சொல்லாத,” என்றார். “நீ கேட்டாய், சொன்னன். அவையள் கேக்கேல்ல.”

மேடையில் ஏறி, “எங்கட வீட்டுக் கூரைக்கு நன்றி” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஆமென் இரண்டோ மூன்றோ விழுந்தது. அக்கா மட்டும் கைதட்டினார். அம்மா கடைசி வரிசையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இதை எழுதவும் அவரிடம் கேட்டேன். மூன்று வருடம் கழித்து, இந்த முறை சம்மதித்தார், வாசித்துக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு. நேற்று வாசித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஒன்று, அடுப்பு முன்னால் சொன்ன மூன்றாம் நாள் கதையின் மிச்சம், அதை எடுத்துவிட்டேன். மற்றது சொதி. உப்புக் கூடப் போட்டது அம்மம்மாதான், தன் கை எப்போதும் அளவு என்கிறார். அதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை, அதனால் நான் எழுதியபடியே விட்டிருக்கிறேன்.